பழக்காலத்து நகங்கள்

கோலா கிளாவாங்கில் கோடை என்று தனியாக ஒன்று வராது. எந்த மாதத்தைத் திருப்பினாலும் வெயிலும் இருக்கும், மழையும் இருக்கும். ஆனாலும் மலைக்கு அந்தப் பக்கம் சிரம்பானில் கொட்டுகிற மழை, புக்கிட் தங்கா வளைவுகளைத் தாண்டி எங்கள் பக்கம் வருவதற்குள் இளைத்துவிடும். தித்திவங்சா மலைத்தொடரின் மறைவில் கிடக்கிறது ஜெலுபு மாவட்டம். நாட்டிலேயே மழை குறைந்த இடங்களில் ஒன்று என்று புவியியல் பாடத்தில் எங்கள் மாவட்டத்தின் பெயர் வரும். அன்றைக்கு வகுப்பில் நாங்கள் பரிசு வாங்கியவர்களைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம். பாடப்புத்தகத்தில் வேறு எதற்கும் எங்கள் ஊர் வராது.

பிப்ரவரி, மார்ச்சில் வறட்சி முற்றும். எங்கள் தோட்டத்து ரப்பர்ப் பால்மரங்களின் இலைகள் சிவந்து, செம்பு நிறமாகி, மொத்தமாக உதிரும். பால் குறையும், பாலோடு சம்பளமும் குறையும். வீட்டில் மீன் வாங்குவது நின்று கருவாடு வரும். ஆனால் அதே வறட்சிதான் டுரியானையும் மங்குஸ்தீனையும் ரம்புத்தானையும் பூக்க வைப்பது. சில வாரம் வேர் காய்ந்தால்தான் அந்த மரங்களுக்குப் பூக்கத் தோன்றும். பூத்து மூன்று நான்கு மாதத்தில், ஜூன் ஜூலை வாக்கில், பழம். சம்பளம் குறைந்த மாதங்கள் போட்ட விதை என்று அப்பா சொல்வார். எங்கள் கோடை அந்தப் பழக்காலம்தான்.

அண்ணன் மகள் ஷா ஆலாமிலிருந்து வருவதும் பழக்காலத்தில்தான். டுரியானுக்காகத்தான் வருகிறாள், எங்களுக்காக இல்லை என்று அம்மா சொல்வதில் பாதி உண்மை. போன முறை வந்தபோது பையைக் கொட்டி, வரிசையாகக் குட்டிக் குட்டிப் புட்டிகளை மேசைமேல் அடுக்கினாள். நகப்பூச்சு. எங்கள் வீட்டில் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கியூடெக்ஸ்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பழத்தின் பெயர்: லைச்சி, பீச், தர்பூசணி, செர்ரி, பிளம். புட்டியில் பார்த்தால் நல்ல நிறம். நகத்தில் ஒரு பூச்சு வைத்தால் தண்ணீர்தான். இரண்டு வைத்தால் சர்பத். மூன்றாவதில்தான் இது என்ன பழம் என்று ஊகிக்கலாம். அதற்குப் பிறகும் அடியில் நகம் தெரியும், நகத்தின் வெள்ளைப் பிறை தெரியும், மேலே கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு.

"என்னாடி இது, பூசின மாதிரியே இல்ல?" என்றாள் அம்மா.

"அதான் பாட்டி இப்ப ஸ்டைலு."

"பூசாதது மாதிரி இருக்கணும்னா பூசாமலே இருக்கலாமே."

எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. பழங்களில்கூட ஒரு குறை சொல்ல இருந்தது எனக்கு. பீச்சும் செர்ரியும் பிளம்மும் எங்கள் பக்கம் எந்த மரத்தில் காய்க்கின்றன? மங்குஸ்தீன் தோலின் அந்த ஊதா, ரம்புத்தான் பழுக்கும்போது பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு வாரம் காட்டுகிற ஆரஞ்சு, ஜம்பு ஆயரின் வெளிறிய ரோஜா, இவற்றையெல்லாம் ஒரு புட்டியில் அடைக்க ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? டுரியான் பெயரில் வந்தால் விற்காது, அது சரி. பெயரைப் படித்தவுடனே மூக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

ஜம்பு ஆயர்தான் இந்த மெல்லிய நிறத்துக்கு மிகவும் பொருத்தம். அதன் தோலே பூசியும் பூசாததுமாகத்தான் இருக்கும்.

எங்களுக்குப் பழத்தால் நகம் பூசுவது புதிதில்லை. லயத்து வீட்டு வேலியில் கொடிப்பசலை படர்ந்திருக்கும். அம்மா கீரையைக் கிள்ளிக்கொள்வாள், கரும் ஊதாவாக மணி மணியாகத் தொங்குகிற பழம் எங்களுக்கு. இரண்டு விரலில் நசுக்கினால் கத்தரிப்பூவும் சிவப்பும் கலந்த சாறு. குச்சியால் தொட்டு நகத்தில் வைத்தால் அப்படியே மெல்லிசாக, அடியில் நகம் தெரிய, ஈரத்தின் பளபளப்போடு இருக்கும். இன்றைக்கு மூன்று பூச்சில் வருவது அன்றைக்கு ஒரே பூச்சில் வந்தது. ஆனால் நீரில் கரைகிற சாயம் அது, பீட்ரூட்டின் சாயத்துக்குச் சொந்தக்காரச் சாயம். ஒரு முறை கை கழுவினால் பாதி போகும். சட்டி கழுவினால் முழுதும் போகும். சட்டி கழுவாமல் இருக்க எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எடுபட்டதில்லை.

பால்மரக் காட்டு ஓரத்தில் மலாய்க்காரர்கள் செண்டுடுக் என்று சொல்கிற செடி புதராக இருக்கும். ஊதாப் பூ. வெடித்த காய்க்குள் கரும் சதை. தின்றால் நாக்கு கறுத்துவிடும்; யார் தின்றார்கள் என்று வாயைத் திறக்கச் சொன்னாலே தெரியும். அதையும் நகத்தில் தேய்ப்போம். பசலை சிவப்பு, செண்டுடுக் கறுப்பு. வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. அதன் மேல் பளபளப்புக்கு நாங்கள் செய்த வேலையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மங்கில் வடிந்து கிடக்கும் பாலில் ஒரு சொட்டு எடுத்து நகத்தில் தடவுவோம். காயும் வரை விரலை விரித்து ஊதிக்கொண்டே நடப்போம். வெள்ளைப் பால் காயக் காயத் தெளிந்து, கண்ணாடித் தோலாகிவிடும். சாயங்காலம் அதை நகத்திலிருந்து முழுசாக உரித்தெடுப்பது தனிச் சுகம். சாயமும் அதோடு வந்துவிடும் என்பது வேறு கதை.

உண்மையில் கடைப் புட்டியும் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளை எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்து வைத்திருக்கிறார்கள். பூசியதும் கரைப்பான் ஆவியாகிப் போகும். மிச்சம் மெல்லிய படலமாக நகத்தைப் பிடித்துக்கொள்ளும். மூக்கில் ஏறுகிற அந்த வாடை, போய்க்கொண்டிருக்கிற கரைப்பானின் வாடை. ரப்பர் பாலில் போவது தண்ணீர். நைட்ரோசெல்லுலோஸும் பஞ்சிலிருந்தோ மரக்கூழிலிருந்தோ வருவதுதான். அதுவும் செடி கொடுத்தது, இதுவும் செடி கொடுத்தது.

ஆனால் பால் எல்லாக் கையிலும் கண்ணாடியாகக் காயாது. அம்மாவின் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய்விடுவாள். முதல் வேலை மரம் வெட்டுவது இல்லை, முந்தின நாள் வெட்டுக்காயத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலை உருவுவது. அதை விரல் நகத்தால்தான் நெம்பி எடுக்க வேண்டும். நீளமாக, ரிப்பன் மாதிரி வரும். பிறகு மங்கில் உறைந்த கட்டிப்பாலைத் தோண்ட வேண்டும். அதற்கும் நகம். பால் காற்றுப்பட்டுப் புளித்தால் கறுக்கும். நறுக்கிய ஆப்பிளும் வாழைக்காயும் கறுப்பது மாதிரி, பாலிலேயே இருக்கிற ஒரு நொதி செய்கிற வேலை அது. அந்தக் கறுப்பு நகத்தின் ஓரத்திலும் நகத்துக்கும் சதைக்கும் நடுவிலும் போய் உட்கார்ந்துகொண்டால் சோப்புக்கு அசையாது. அம்மா மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்ப்பாள், பிறகு தேங்காய் எண்ணெய். பால் ஸ்டோரில் வேலை போட்டால் இன்னும் மோசம். பாலை உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட் தெறித்து விரல் நுனி வெளுத்துத் தோல் உரியும். கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் அந்தக் கை.

கல்யாண வீட்டுப் பந்தியில் அம்மா விரல்களை மடக்கிக்கொண்டே இலை முன்னால் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வயதில் எனக்குப் புரியவில்லை; பசியில்லையோ என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு முந்தின சம்பள நாளில் தோட்டத்து வாசலில் துணிக்காரர் கடை விரிப்பார். வளையல், ரிப்பன், பவுடர், கூடவே நகப்பூச்சு. அம்மா வருஷத்துக்கு ஒரு புட்டி வாங்குவாள், எப்போதும் ஒரே நிறம்: கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற அரக்குச் சிவப்பு. நானும் அக்காவும் ரோஸ் நிறத்தைக் காட்டிக் கெஞ்சுவோம். "அது எதையும் மறைக்காது" என்று சொல்லிவிடுவாள். மறைக்க வேண்டியது என்ன என்று கேட்க எனக்கு அறிவு இல்லை.

பல வருஷம் கழித்து நகப்பூச்சின் கதையைப் படித்தபோது அம்மாவின் அந்தப் புட்டிதான் நினைவுக்கு வந்தது. கியூடெக்ஸ் கம்பெனி திரவ நகப்பூச்சை 1917இல் விற்க ஆரம்பித்தது. அந்தக் காலத்துப் பூச்சுகள் பெரும்பாலும் ஒளி ஊடுருவுகிற மெல்லிய இளஞ்சிவப்புகள். 1932இல் நியூயார்க்கில் ரெவ்சன் சகோதரர்கள் இருவரும் லாக்மன் என்ற வேதியியல் தெரிந்தவரும் சேர்ந்து ரெவ்லானைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த புதுமை, சாயத்துக்குப் பதில் நிறமித் தூளைப் போட்டு நகத்தை முழுதாக மூடிவிடுகிற பூச்சு. அழுக்கு நகமா, மஞ்சள் நகமா, ஒன்றும் தெரியாது. பழத்தின் பெயரையும் அவர்கள் விடவில்லை. 1953இல் வந்த அவர்களுடைய ஒரு சிவப்புக்குப் பனியில் கிடக்கும் செர்ரிகள் என்று பொருள்படும் பெயர். பனியும் செர்ரியும் பார்க்காத எங்கள் தோட்டத்துக்கு அதன் பேரப்பிள்ளைகள் துணிக்காரர் மூட்டையில் வந்து சேர்ந்தன. ஆகவே இப்போது அண்ணன் மகள் புதிது என்று கொண்டுவருவது, கணக்குப் பார்த்தால், பழையது. பசலைப் பழத்தைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் பழையது.

மறைக்காத இன்னொன்று மருதாணி. தோட்டத்தில் மருதாணிச் செடி கோயிலுக்குப் பின்னால் ஒன்றுதான் இருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் அது மொட்டையாகிவிடும். பிறகு கம்பத்துப் பக்கம் போவோம். அங்கே மலாய் வீடுகளில் கல்யாணத்துக்காக வளர்க்கிற இனாய்ச் செடி இருக்கும். ஒரே செடிதான். நெகிரி செம்பிலானில் அவர்கள் கல்யாணத்துக்கு மூன்று இரவு இனாய் வைப்பது உண்டு. முதல் இரவு பெண்ணும் மாப்பிள்ளையும் அவரவர் வீட்டில் ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்துக்கொள்ளும் திருட்டு இனாய், அடுத்தது சின்ன இனாய், கடைசியில் பெரிய இனாய். பெரும்பாலும் விரல் நுனியும் நகமும்தான். அந்த வீட்டு மாக்சிக் ஒருத்தர் கொத்தாக ஒடித்துத் தருவார். அம்மா பதிலுக்கு முறுக்குத் தூக்கோடு போவாள். கோலா கிளாவாங்கில் ஆடாட் அருங்காட்சியகம் வந்த பிறகு அங்கே கல்யாணச் சடங்குகளைக் காட்சியாக வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த இனாய்க்கு வாசலில் சேவல் கூவும்.

மருதாணியில் லாசோன் என்ற சாயம் இருக்கிறது. நகத்தின் கெரட்டினோடு சேர்ந்துகொள்வதால் அதை எந்தத் துணியும் துடைக்காது. நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும். கைவிரல் நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். தீபாவளிக்கு வைத்தது பொங்கலுக்கு நுனியில் பிறையாக நிற்கும். காசித்தும்பையிலும் அதே லாசோன் உண்டு. கொரியாவில் பெண்பிள்ளைகள் வேனிலில் காசித்தும்பையை அரைத்து நகத்தில் கட்டுவார்கள். முதல் பனி விழும்வரை நிறம் நின்றால் முதல் காதல் கைகூடும் என்று நம்பிக்கை. எங்களுக்குப் பனி இல்லாததால் மாமியார் பாசத்தோடு நிறுத்திக்கொண்டோம். நன்றாகச் சிவந்தால் மாமியார் அன்பாக இருப்பார் என்பார்கள். எனக்கு எப்போதும் நன்றாகச் சிவந்தது. அதைப் பற்றி வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

இடையில் ஒரு வார்த்தை. பசார் மாலாமில் அரை மணியில் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கிற "கறுப்பு மருதாணி"யை வாங்காதீர்கள். அதில் முடிச்சாயத்தில் போடுகிற பிபிடி என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பதுண்டு. பிள்ளைகளின் தோல் கொப்பளித்துத் தழும்பாகிவிடும். மருதாணிக்கு இயற்கையில் கறுப்பு நிறம் கிடையாது.

அம்மாவின் கையில் மருதாணி சிவக்கவே சிவக்காது. கறை ஏறிய நகத்தில் சிவப்பு எங்கே தெரியும்? எங்கள் எல்லாருக்கும் வைத்துவிட்டு, மிச்சத்தை உள்ளங்கையில் வட்டமாக அப்பிக்கொண்டு, அரக்குச் சிவப்புப் புட்டியைத் திறப்பாள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து வீடுகள் காலியாகி, பாதிக் குடும்பம் சிரம்பானுக்கும் மீதி கிள்ளானுக்கும் போயின. அக்கா செனவாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பால் கறை இல்லாத கை எங்கள் குடும்பத்தில் அவளுடையதுதான் முதலில். ஆனால் தூசி புகாத அறையில் வேலை. தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கையுறை, முகத்தில் பவுடர்கூடக் கூடாது, நகப்பூச்சு அறவே கூடாது. உரிந்து விழுகிற ஒரு துகள் சில்லைக் கெடுத்துவிடும். சுத்தமான நகம் கிடைத்தது, நிறம் கிடைக்கவில்லை. சித்தி மகள் தாதியானாள், அங்கேயும் கூடாது. நான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். மாணவிகளுக்குக் கூடாது என்பது விதி, ஆசிரியைக்கு விதி இல்லாவிட்டாலும் பார்வைகள் இருந்தன. எங்கள் தலைமுறைப் பெண்களின் நகத்தை வேலை இடம்தான் முடிவு செய்தது. விருப்பம் லீவு நாளில் வரும். ஞாயிறு சாயங்காலம் அசிட்டோனோடு போகும்.

அண்ணன் மகள் வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்கிறாள். அவள் நகத்தை யாரும் சோதிப்பதில்லை. அவளுக்கு மறைக்கவும் ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட கைக்குத்தான் இந்த ஊடுருவித் தெரிகிற நிறம் பொருந்துகிறது. பழப் புட்டிகளைப் பார்த்து எனக்கு வந்த முதல் எரிச்சல் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தபோது இதுதான் அகப்பட்டது. பொறாமை என்றே சொல்லலாம், எனக்காக இல்லை, அம்மாவுக்காக.

அவள் மூன்றாம் நாள் பாட்டியை மடக்கிவிட்டாள். தர்பூசணி நிறம். அம்மா மரம் வெட்டுவதை நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் கறை எப்போதோ வளர்ந்து வெளியேறிவிட்டது. வயதுக்கு ஏறுகிற நெடுக்கு வரிகள் மட்டும் நகத்தில் இருந்தன. மெல்லிய பூச்சு அந்த வரிகளை இன்னும் எடுத்துக்காட்டியது. வரியை நிரப்புகிற அடிப்பூச்சு இருக்கிறது, போடவா என்று கேட்டாள் பேத்தி. "கெடக்கட்டும். நகம்னா தெரியணும்" என்றாள் அம்மா. அரக்குச் சிவப்புக்கு அவள் வாதாடிய அதே தொனியில் இதற்கும் வாதாடினாள். என் அம்மாவின் கொள்கைகள் எப்போதும் உறுதியானவை, திசைதான் மாறும்.

பழக்காலத்துக்கு இந்தப் பூச்சு உகந்ததா என்றால், என் அனுபவத்தில் உகந்தது. தித்திப் பக்கம் சாலையோரக் கொட்டகையில் டுரியானைப் பிளந்து வைப்பார்கள். சுளையைக் கையால்தான் எடுக்க வேண்டும். அடர்ந்த பூச்சில் ஒரு நுனி பெயர்ந்தால் ஊருக்கே தெரியும், மெல்லிசில் தெரியாது. மேலே இன்னொரு பூச்சு வைத்தால் சேர்ந்துகொள்ளும். மங்குஸ்தீன் மட்டும் எதிரி. அதன் தோல்சாறு துணியில் பட்டால் போகாது, நகத்தின் ஓரத்தில் பட்டால் பழுப்பாக நிற்கும். கத்தி வேண்டாம், இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்தினாலே வாய் பிளக்கும். உரிப்பதற்கு முன்னால் பழத்தின் அடியில் பூ மாதிரி இருக்கிற மடல்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று தெரிந்துவிடும். இது பெரும்பாலும் தப்பாது. பந்தயம் கட்டி அண்ணன் மகளிடம் ஒரு செர்ரிப் புட்டியை ஜெயித்தேன்.

நகம் தெரிய வேண்டும் என்று கேட்டவர் இன்னொருவர் உண்டு: தோட்டத்து ஆஸ்பத்திரியில் அந்தக் காலத்தில் இருந்த டிரஸ்ஸர். மருத்துவர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் அவர்தான். சோர்வு என்று போகிற பெண்களின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார், பிறகு நகத்தை அழுத்திப் பார்ப்பார். அழுத்தி விட்டதும் இளஞ்சிவப்பு திரும்ப வருகிறதா, வெளுத்தே கிடக்கிறதா என்று பார்க்கத்தான். வெறும் காலோடு மண்ணில் நடந்தவர்களுக்குக் கொக்கிப்புழு வரும், அது குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும், சோகை வரும். தீபாவளிக்குப் பிறகு போனால் அரக்குச் சிவப்பைப் பார்த்துவிட்டு, "மொதல்ல இத அழிச்சிட்டு வாம்மா" என்று அம்மாவைத் திருப்பி அனுப்புவார். இரும்புச்சத்து மாத்திரைக்காக அம்மா இரண்டு தடவை நடப்பாள்.

2020க்குப் பிறகு கோவிட் காலத்தில் அந்த டிரஸ்ஸரின் வேலையை விரலில் மாட்டுகிற கருவி செய்தது. விரல் நுனி வழியாக ஒளியைச் செலுத்தி இரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கிறது அது. கறுப்பு, நீலம், பச்சை மாதிரி அடர்ந்த பூச்சு அந்த ஒளியைத் தடுத்து அளவைத் தவறாகக் காட்டக்கூடும். லைச்சி நிறமும் பீச் நிறமும் அவ்வளவு தொல்லை செய்யா என்றாலும் ஆஸ்பத்திரிக்காரர்கள் வெறும் நகத்தைத்தான் கேட்பார்கள். ஆகவே பழக்காலத்தில் எந்தப் பழத்தை வேண்டுமானாலும் பூசிக்கொள்ளுங்கள். வீட்டில் வயதான அம்மா இருந்தால் அவர் விரலையும் இழுத்து வைத்துப் பூசிவிடுங்கள். கிளினிக்குக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ அவரைக் கூட்டிப்போகும் நாளில் மட்டும் ஒன்றிரண்டு விரலையாவது துடைத்துவிட்டுக் கூட்டிப்போங்கள்.